தண்ணீர்த் தொட்டிச் சத்தம்

பெருநாள் விடுமுறைக்கு
தமாமிலிருந்து பாலம் தாண்டி வருகிறார்கள்
கோமதியும் அத்தானும் பிள்ளைகள் இரண்டும்.
நான்கு இரவுகள்.
"அது இருந்தா நாங்க ஓட்டல்ல தங்கிக்கறோம்"
என்றாள் போனில்.
கோபமாக அல்ல,
காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல.

பத்து வயதில்
தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவள்.
கடிபட்டது அவள்.
கல்லெறிந்தது நான்.
இருவரும் அதைப் பேசுவதில்லை.

மிளகுக்கு இடம் தேடினேன்.
ஹமாலா பக்கத்து நாய்விடுதியில்
நாளுக்குப் பத்து தினார்,
அதுவும் நோன்பு தொடங்குமுன்பே நிரம்பிவிட்டதாம்.
தடுப்பூசி அட்டையையும் படத்தையும் அனுப்பச் சொல்லி
அழகி, மன்னிக்கவும் என்றார்கள்.
ஆபீசில் மேரிவிக் வீட்டில் மூன்று பூனைகள்.
சித்ராவில் நின்ற லாரிக்கடியில்
எண்ணெய் பூசிய குட்டியாய்க் கிடந்தபோது
இவளை எங்கே விடுவதென்று
ஒருவரும் யாரையும் கேட்கவில்லை.

கடைசியில் வாட்ச்மேன் மொதின் பாய்.
சில்ஹெட்காரர், ஐந்து வேளையும் தவறாதவர்.
நெடுநேரம் தாடியைத் தடவினார்.
நாயிருக்கிற வீட்டுக்குள் மலக்குகள் வரமாட்டாங்க சார்.
தெரியும் பாய்.
லிஃப்ட் இரண்டுமுறை வந்து போனது.
பிறகு அவரே அண்ணாந்து பார்த்தார்:
மொட்டைமாடி வீடில்லையே.

அப்படித்தான் அவள்
என் கறிவேப்பிலைச் செடிக்கும்
டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவே
குடியேறினாள்.
மார்ச் மாதம். தளம் இன்னும் சுடத் தொடங்கவில்லை.
மொதின் பாய் சமையலறைக் கையுறை வாங்கிக்கொண்டார்,
மஞ்சள் நிறம், முழங்கைவரை.

கீழே பாயசம், சீட்டுக்கட்டு,
சோபா இடுக்கில் எடுக்க மறந்த ஒரு கறுப்பு முடி.
இரண்டாம் இரவு
அத்தான் டிவியை நிறுத்திக் காதைத் தீட்டினார்.
"மேல யாரு இந்நேரத்துல நடக்கறது?"
"தண்ணித் தொட்டி அத்தான். நிரம்பினா அப்படித்தான்."
தொட்டி ஒருமுறை குரைத்தது.
"காத்து உள்ள போயிருக்கும்"
என்றார் அத்தான்,
முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர்.

பால் வாங்கப் போகிறேன் என்று
காலையும் மாலையும் கிளம்பினேன்.
மேலே போய்
அவள் தலையை என் முழங்காலில் வைத்துக்கொண்டு
குதைபியாவின் விளக்குகளைப் பார்த்துவிட்டு
கடைக்கு ஓடி, மூச்சிரைக்கத் திரும்புவேன்.
ஃப்ரிட்ஜில் ஏழு பால் பாட்டில்கள் சேர்ந்தன.
கோமதி அவற்றை ஒவ்வொன்றாகத் தயிர் உறை ஊற்றினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்புமுன் கடைசி இரவு
செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள்.
கையில் அலுமினியத்தாளில் பொதிந்த ஒன்று,
இன்னும் வெதுவெதுப்பாக.
"மசாலாவைக் கழுவிட்டேன். எலும்பும் எடுத்துட்டேன்"
என்று சொல்லி
என்னைப் பார்க்காமல் நீட்டினாள்:
"தண்ணித் தொட்டிக்குக் குடு."

கூட வரவில்லை.
வாசலில், ஒரு கை கதவிலும்
மறு கை, தானறியாமல், வயிற்றிலும் இருக்க
லிஃப்ட் மூடும்வரை நின்றாள்.

மறுநாள்
அவர்கள் கார் பாலத்தில் வரிசையில் நிற்கும் நேரம்
மொதின் பாயிடம் பேசியபடி நாற்பது தினார் கொடுத்தேன்.
எண்ணினார், பையில் வைத்தார்,
போகாமல் நின்றார்.

ஒரு விஷயம் சார்.
மூணாம் நாள் கையுறை கிழிஞ்சிருச்சு,
உங்க பொண்ணு கையை நக்கிட்டா.
ஏழு தடவை கழுவணும், அதுல ஒருதடவை மண்ணால.
இந்தக் கட்டடத்தில் மண்ணுக்கு எங்கே போவேன்?

மேலே போனேன்.
கறிவேப்பிலைத் தொட்டியின் ஓரத்தில்
ஒரு கைப்பிடி அளவு பள்ளம்.
அதில் மூக்கை வைத்து
வெகுநேரமாக
மோந்துகொண்டிருந்தாள் மிளகு.